யிட்டிஷ் பேச்சு பழக: வாழ்த்து, வசவு, வம்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

யூதர்களின் மொழிகளில் ஒன்றான யிட்டிஷை அகராதியை மட்டும் நம்பிப் பேசப் போனால் முதல் நாளே வழுக்கும். 'மாஃஜல் டொவ்' என்பதை அகராதி 'நல்ல நட்சத்திரம்' என்று பிரித்துக் காட்டும். அதை வைத்துக்கொண்டு தேர்வுக்குக் கிளம்பும் பிள்ளையிடம் சொன்னால் பிள்ளை விழிக்கும். காரியம் கைகூடிய பிறகு சொல்லும் வாழ்த்து அது: கல்யாணம் முடிந்தது, குழந்தை பிறந்தது, வீடு வாங்கியாயிற்று, மாஃஜல் டொவ். காரியத்துக்கு முன்னால் சொல்ல வேண்டியது 'ஃஜொல் ஃஜைன் மிட் மாஃஜல்', அதாவது அதிர்ஷ்டத்தோடு நடக்கட்டும்.

ஆகவே இங்கே சொல்லும் முறை ஒன்றுதான். பொருளைப் படிக்காதீர்கள், சந்தர்ப்பத்தைப் படியுங்கள். யார், யாரிடம், எந்தக் குரலில், அதற்கு மறுமொழி என்ன என்ற நான்கும் சேர்ந்தால்தான் ஒரு தொடர் உங்களுடையதாகும்.

மொழியைப் பற்றிச் சுருக்கமாக. சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் ரைன் ஆற்றங்கரை நகரங்களில் வாழ்ந்த யூதர்களிடம் உருவானது யிட்டிஷ். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய முழு வாக்கியம் வோர்ம்ஸ் நகரப் பிரார்த்தனைச் சுவடியில் 1272-இல் எழுதப்பட்டது. ஜெர்மானிய எலும்பு, எபிரேய-அரமேயச் சதை, போலந்து, உக்ரைன் பக்கம் போன பிறகு ஏறிய ஸ்லாவிய உப்புக்காரம். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பேசினார்கள். நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் யிட்டிஷ் பேசியவர்கள். இன்று அது வீட்டிலும் தெருவிலும் தாய்மொழியாகக் கேட்பது பெரும்பாலும் மதமரபைக் கடுமையாகக் கடைப்பிடிக்கும் ஹசிடிய யூதர்களிடம்: நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க், பரோ பார்க், லண்டனின் ஸ்டாம்ஃபர்ட் ஹில், ஆண்ட்வெர்ப், ஜெருசலேமின் மெயா ஷெயாரிம்.

படி 1: ஒலிகளுக்குத் தமிழில் ஒரு குறியீடு

குறிப்பேட்டைத் திறந்து முதல் பக்கத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையும் இதையே பின்பற்றுகிறது.

ஃக: தொண்டையில் உரசும் ஒலி. க் என்று சொல்ல நாக்கின் அடியை உயர்த்துங்கள், ஆனால் அண்ணத்தில் ஒட்டவிடாமல் காற்றை உரசிக்கொண்டு வெளியே விடுங்கள். வெறும் 'ஹ' ஆனால் மென்மை, 'க்' ஆனால் தவறு. 'இஃக்' (நான்) என்ற சொல்லை ஒரு நாளைக்கு இருபது முறை சொன்னால் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

ட்ஸ: ஒரே ஒலி, ஒரே எழுத்து. நம் நாக்கு 'ட்ஸோரெஸ்' (தொல்லைகள்) என்பதை 'சோரெஸ்' ஆக்கப் பார்க்கும். விடக்கூடாது.

ஃஜ: 'ஸ'வைக் குரலோடு சொல்வது, தேனீ ரீங்காரம் மாதிரி. ஃப: பல் உதட்டைத் தொடும் ஒலி.

நம் எழுத்தில் பிடிபடாதது சொல் முதலில் வரும் க, ப, ட ஆகியவற்றின் மென்மை. 'பொபெ' (பாட்டி), 'பஷெர்ட்', 'போருஃக்' ஆகியவற்றின் ப, 'பஸ்'ஸில் வரும் ப. 'குட்', 'கொட்', 'கெஃஜுண்ட்', 'கெல்ட்' ஆகியவற்றின் க, 'கோபால்' என்பதில் வருவது. 'டாங்க்', 'டைன்', 'டி', 'டெர்' எல்லாம் 'டாக்டர்' ட. சொல் நடுவில் வல்லினம் தானாக மெலிவது நம் பழக்கம். அழுத்தமாகச் சொல்ல வேண்டிய இடங்களில் அது காலை வாரும், அதனால் வன்மையான எழுத்தின் கீழே கோடு போட்டுக்கொள்வது நல்லது.

அழுத்தம்: ஜெர்மானியச் சொற்களில் பெரும்பாலும் முதல் அசை. 'கெ' போன்ற முன்னொட்டு இருந்தால் அதற்கு அடுத்த அசை, கெ-ஃஜுண்ட் என்பதில் 'ஃஜுண்ட்'. எபிரேயச் சொற்களில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசை: மெ-ஷு-கெ (பித்து), மிஷ்-பொ-ஃகெ (குடும்பம்). தமிழில் அழுத்தத்துக்குப் பொருள் இல்லை என்பதால் நாம் எல்லா அசைகளையும் சமமாகச் சொல்லிவிடுகிறோம். யிட்டிஷ் பேசுபவருக்கு அது கடிகாரம் பேசுவது போலக் கேட்கும்.

படி 2: வாசலில் சொல்லும் சொற்கள்

'டு' என்றால் நீ, 'இர்' என்றால் நீங்கள். ஆங்கிலம் வழியே யிட்டிஷ் கற்பவர்கள் திணறும் இடம் இது. நமக்குப் பாடமே தேவையில்லை. பெரியவர், அறிமுகமில்லாதவர், ஆசிரியர் எல்லாருக்கும் 'இர்'. விடைபெறும்போது நண்பனிடம் 'ஃஜை கெஃஜுண்ட்' (சுகமா இரு), பெரியவரிடம் 'ஃஜைட் கெஃஜுண்ட்' (சுகமாக இருங்கள்).

முகமன் சொல்வதில் ஒரு கண்ணாடி விளையாட்டு உண்டு. ஒருவர் 'ஷோலெம் அலெய்ஃகெம்' என்றால் மற்றவர் திருப்பிப் போட்டு 'அலெய்ஃகெம் ஷோலெம்' என்பார். அதையே அப்படியே திருப்பிச் சொன்னால் புதியவர் என்று தெரிந்துவிடும். 'குட் மொர்கன்' என்ற காலை வணக்கத்துக்கு மரபான மறுமொழி 'குட் யோர்', அதாவது நல்ல ஆண்டு. ஒரு காலைக்கு ஓர் ஆண்டு பதில், கணக்கில் நஷ்டமில்லை.

நலம் விசாரிக்க 'வொஸ் மஃக்ஸ்டு?' (எப்படி இருக்கே?), மரியாதையாக 'வொஸ் மஃக்ட் இர்?'. யூதர்கள் தங்களுக்குள் 'வொஸ் மஃக்ட் அ யிட்?' என்பார்கள், 'ஒரு யூதன் எப்படி இருக்கிறான்?' என்று படர்க்கையில் கேட்பது. வெளியார் அதைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், சொல்ல வேண்டாம். பதில் 'போருஃக் ஹஷெம்', கடவுள் புண்ணியத்தில் என்பது போல. இது நல்லாயிருக்கிறேன் என்பதற்கும், சொல்ல விருப்பமில்லை என்பதற்கும் ஒரேமாதிரி பயன்படும்.

நன்றிக்கு 'அ ஷெய்னெம் டாங்க்', மறுமொழி 'நிஷ்டோ ஃபர்வோஸ்'. தயவுசெய்து என்பதற்கு 'ஃஜை அஃஜொய் குட்', பெரியவரிடம் 'ஃஜைட் அஃஜொய் குட்'. தும்மினால் 'ட்ஸு கெஃஜுண்ட்'. வெள்ளி மாலை முதல் 'குட் ஷபெஸ்' (நல்ல ஓய்வுநாள்), சனி இருட்டியதும் 'அ குட்டெ வொஃக்' (நல்ல வாரம்). இவ்வளவுதான், இரண்டு நாளில் முடிந்துவிடும்.

படி 3: 'நு', 'ஒய்'

அகராதியில் ஒரு வரி, பேச்சில் பாதி மொழி. 'நு?' என்று ஏற்றிக் கேட்டால் 'அப்புறம்? என்ன ஆச்சு?'. 'நு!' என்று வெட்டிச் சொன்னால் 'கிளம்பு, நேரமாகிறது'. 'நு, நு...' என்று இழுத்தால் 'சரி, என்ன செய்வது'. மதப் பற்றுள்ள வீடுகளில் சாப்பாட்டுக்கு முன் கை கழுவியதிலிருந்து ரொட்டியைப் பிட்டு வாயில் போடும்வரை பேசக்கூடாது. உப்பு எட்டவில்லையா, கையைக் காட்டி 'நு! நு!'. அது பேச்சில் சேர்த்தி இல்லை.

'ஒய்' நம் ஐயோவின் பங்காளி. 'ஒய் வெய்' கவலை. 'ஒய் வெய் இஃஜ் மிர்' அதற்கு மேல், 'ஐயோ, எனக்கு வந்த கேடே'. 'கெவால்ட்!' என்றால் உதவிக்கு ஓடி வரச்சொல்லும் கூக்குரல். காபி சிந்தியதற்கு கெவால்ட் போட்டால் சிரிப்பார்கள், சிரிக்கவைக்கத்தான் பலர் அப்படிச் சொல்வதும்.

பயிற்சி: மூன்று 'நு'வையும் கைபேசியில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். எது எது என்று உங்களுக்கே பிரித்துத் தெரியவில்லை என்றால் இன்னும் நாடகம் போதவில்லை.

படி 4: தமிழில் ஏற்கெனவே இருக்கும் சொற்கள்

இங்கே நிதானமாக நில்லுங்கள், நமக்கு லாபம் கொழிக்கும் இடம் இது.

மெஃகுட்டன்: சம்பந்தி. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல் கிடையாது, அதனால் ஆங்கில வழிகாட்டிகள் 'என் பிள்ளையின் மனைவியின் தந்தை' என்று மூச்சுவாங்க விளக்கும். நமக்கு ஒரே சொல் போதும். சம்பந்தியம்மா 'மெஃகுட்டெனெஸ்டெ', பன்மை 'மெஃகுட்டோனிம்'. மாப்பிள்ளை 'எய்டெம்', மருமகள் 'ஷ்னுர்', மாமியார் 'ஷ்விகெர்'.

நெபெஃக்: 'பாவம்'. ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்தது. 'பாவம், அவருக்கு உடம்பு சரியில்லை' என்று வாக்கியத்துக்குள் செருகுகிறோமே, அதே இடத்தில் அதே வேலை செய்யும்: 'எர் இஃஜ், நெபெஃக், க்ராங்க்'. 'அ நெபெஃக்' என்று பெயர்ச்சொல்லாக்கினால் கையாலாகாத அப்பாவி. இந்த இரண்டாவது பொருளில் இரக்கத்தோடு கொஞ்சம் இளக்காரமும் ஒட்டியிருக்கும், கவனம்.

கினெஹோரெ: கண் படாமல். 'கெய்ன் அயின் ஹோரெ' (தீய கண் வேண்டாம்) என்பது வாய்வழியே சுருங்கியது. குழந்தை அழகு, வியாபாரம் நன்றாகப் போகிறது, தாத்தாவுக்கு 90 வயது என்று எதைச் சொன்னாலும் உடன் ஒரு கினெஹோரெ. சிலர் 'ட்ஃபு, ட்ஃபு, ட்ஃபு' என்று மூன்று முறை துப்புவது போலவும் செய்வார்கள். பிறர் குழந்தையைப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாட்டிகளின் முகம் மாறும். அந்த முகம் நமக்குத் தெரிந்ததுதான்.

ஃபுன் டைன் மொய்ல் இன் கொட்ஸ் ஒயெர்: உன் வாயிலிருந்து கடவுள் காதுக்கு. நாம் 'உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்' என்று சொல்லும் அதே நொடியில் இது வரும்.

அ மென்ட்ஷ் ட்ராஃக்ட் உன் கொட் லாஃக்ட்: மனிதன் யோசிக்கிறான், கடவுள் சிரிக்கிறார். நாம் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும் என்பதுதான், ஆனால் அவர்கள் தெய்வம் நினைப்பதோடு நிற்காமல் சிரிக்கவும் செய்கிறது.

எல்லாவற்றையும் தூக்கி அடிப்பது இது: 'அஃஜ் டி பொபெ வொல்ட் கெஹாட் அ பொர்ட், வொல்ட் ஃஜி கெவென் அ ஃஜெய்டெ'. பாட்டிக்குத் தாடி இருந்திருந்தால் தாத்தாவாக இருந்திருப்பாள். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா! இன்னொரு வடிவத்தில் பாட்டிக்குச் சக்கரங்கள் ('ரெடெர்') இருந்திருந்தால் வண்டி ('வொகன்') ஆகியிருப்பாள். 'அப்படி நடந்திருந்தால்...' என்று கனவு காண்பவர் வாயை அடைக்க இரண்டில் எதுவும் ஆகும்.

'நஃகெஸ்' பிள்ளைகளால் வரும் பெருமிதம். அதை அடைவதற்கு 'ஷெப்பன்' என்ற வினை, கிணற்றில் நீர் மொள்வதற்குச் சொல்லும் அதே வினை. 'நஃகெஸ் ஷெப்பன்', பெருமையை மொண்டு குடிப்பது. தன் பதவி உயர்வுக்கு இதைச் சொல்வது பொருந்தாது, பேத்தியின் பதவி உயர்வுக்குச் சொல்லலாம்.

படி 5: ஆள் வகைகள்

யிட்டிஷில் மனிதரை வகை பிரிக்கும் சொற்கள் ஏராளம். முதல் பாடம் ஒரு சூப் கிண்ணம். அதைத் தட்டிவிடுபவர் 'ஷ்லெமீல்', கைவாகு இல்லாதவர். அது யார் மடியில் கொட்டுகிறதோ அவர் 'ஷ்லிமாஃஜல்', துரதிர்ஷ்டக்காரர். துடைக்க வருபவர் நெபெஃக். ஷ்லிமாஃஜலைத் திட்டுவதில் பயனில்லை, தவறு அவருடையதல்ல.

'மென்ட்ஷ்' என்றால் மனிதன், ஆனால் 'ஃஜை அ மென்ட்ஷ்' என்றால் 'மனுஷனா நடந்துக்கோ'. 'லுஃப்ட்மென்ட்ஷ்' காற்று மனிதர், நிலையான தொழில் இல்லாமல் திட்டங்களிலேயே வாழ்பவர். 'நுட்னிக்' அறுவை மன்னர். அவரிடம் சொல்ல வேண்டியது 'ஹாக் மிர் நிஷ்ட் கெய்ன் ட்சாய்னிக்', சொல்லுக்குச் சொல் 'எனக்குத் தேநீர்ப் பாத்திரத்தைத் தட்டாதே'. தொணதொணக்காதே என்பது பொருள். ட்சாய்னிக்கில் ஒளிந்திருப்பது நம் சாயாதான், ரஷ்யா வழியாக வந்தது.

'ஃகொஃகெம்' அறிவாளி. குரலைக் கொஞ்சம் வளைத்தால் நம்முடைய 'பெரிய அறிவாளி!' ஆகிவிடும். கதைகளில் வரும் மூடர்களின் ஊர் 'ஃகெலெம்', கிழக்குப் போலந்தில் உண்மையாகவே இருக்கும் ஊர். அந்த ஊரின் 'அறிவாளி' என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

படி 6: வாழ்த்தும் வசவும் ஒரே அச்சில்

'ஃஜொல்' என்ற ஒரு சொல்லைப் பிடியுங்கள். நம் 'அட்டும்' விகுதி செய்யும் வேலையை அது தனிச்சொல்லாகச் செய்கிறது. 'ஃஜொல் எர் லெபன்', அவன் வாழட்டும். முன்னிலைக்கு 'ஃஜொல்ஸ்ட்'. வினை எப்போதும் மாறாத வடிவில் பின்னால் வரும். இந்த அச்சு வந்துவிட்டால் ஆசியும் சாபமும் நீங்களே வார்க்கலாம்.

புகழ்பெற்ற சாபம்: 'ஃஜொல்ஸ்ட் வாக்ஸன் வி அ ட்ஸிபெலெ, மிட்டன் கொப் இன் ட்ரெர்ட்'. வெங்காயம் மாதிரி வளர்ந்து போ, தலை மண்ணுக்குள். இன்னொன்று, உன் பல்லெல்லாம் கொட்டட்டும், ஒன்று மட்டும் மிஞ்சட்டும், பல்வலிக்காக. யிட்டிஷ் சாபத்தின் கட்டுமானம் இதுதான்: முதல் பாதி ஆசி போலவோ சாதாரணமாகவோ போகும், திருப்பம் கடைசிச் சொல்லில் இருக்கும். நூறு வீடு, வீட்டுக்கு நூறு அறை, அறைக்கு ஒரு கட்டில் என்று வாழ்த்திக்கொண்டே போய், காய்ச்சல் உன்னை ஒவ்வொரு கட்டிலாக உருட்டட்டும் என்று முடிப்பார்கள். கற்பவர்கள் செய்யும் தவறு, அவசரப்பட்டுத் திருப்பத்தை முன்னால் வைப்பது. மூச்சு விட்டு, கடைசிச் சொல்லுக்கு முன் அரை நொடி நிறுத்துங்கள்.

வாழ்த்துகளில் முக்கியமானது பிறந்தநாளுக்கு 'பிஸ் ஹுண்டெர்ட் உன் ட்ஸ்வான்ட்ஸிக்', 120 வரை. யூத வேதத்தின்படி தீர்க்கதரிசி மோசே வாழ்ந்தது 120 ஆண்டு என்பதால். நூறாண்டு வாழ்க என்று நம் வழக்கில் சொன்னால் இருபதைக் குறைத்துவிட்டீர்கள். புதுத் துணி உடுத்தியவரிடம் 'ட்ரொக் கெஃஜுன்டெர்ஹெய்ட்', சுகமாக உடுத்து.

இறந்தவர் பெயரைச் சொன்னால் உடனே 'ஒலெவ் ஹஷோலெம்' (பெண்ணுக்கு 'ஒலெஹ ஹஷோலெம்'), அவர் சாந்தியடையட்டும். உயிரோடிருப்பவர் பெயரோடு இதை ஒட்டிவிட்டால் மன்னிப்புக் கேட்டு மாளாது.

படி 7: 'ஷ்ம' போட்டுத் தள்ளுவது

நாம் 'காபி கீபி' என்கிறோம். யிட்டிஷில் 'கெல்ட் ஷ்மெல்ட்'. சொல்லின் முதல் உயிருக்கு முன்னால் உள்ள மெய்யை எடுத்துவிட்டு 'ஷ்ம்' வையுங்கள், உயிரில் தொடங்கினால் அப்படியே முன்னால் ஒட்டுங்கள்: 'அர்பெட் ஷ்மர்பெட்'. செய்முறை ஒன்றுதான், பொருள் வேறு. 'காபி கீபி' என்றால் காபியோ அது மாதிரி ஏதாவதோ. 'கெல்ட் ஷ்மெல்ட்' என்றால் 'பணமாம் பணம், யாருக்கு வேண்டும்!'. விருந்தாளியிடம் உபசாரமாகக் கேட்கிறேன் என்று 'டெய் ஷ்மெய்?' (டெய் என்பது தேநீர்) என்றால் தேநீரையே நீங்கள் ஏளனம் செய்ததாக அவர் எடுத்துக்கொள்வார். இந்த ஏளனத்துக்குப் பின்னால் பலர் 'அபி கெஃஜுண்ட்' சேர்ப்பார்கள்: உடம்பு நன்றாக இருந்தால் போதும்.

குறுமைக்கு விகுதி '-ல்', இன்னும் செல்லமாக '-எலெ'. பெரும்பாலும் நடு உயிரும் மாறும்: 'புஃக்' நூல், 'பிஃகல்' சிறுநூல், 'பிஃகெலெ' குட்டி நூல். இதில் ஒரு நுட்பம், புஃக் உலகியல் நூல் மட்டுமே. எபிரேயப் புனித நூலுக்குச் சொல் 'செய்ஃபெர்'. யூதர்களின் வேதமான தோராவை 'புஃக்' என்பது அவமதிப்பாகக் கேட்கும்.

கால் இடறும் இடங்கள்

அமெரிக்க ஆங்கிலத்தில் புகுந்த யிட்டிஷ் சொற்கள் பல வழியில் பொருள் மாறின. 'ஃகுட்ஸ்பெ' அங்கே துணிச்சல் என்று பாராட்டாகிவிட்டது. யிட்டிஷில் அது திமிர். தாய் தகப்பனைக் கொன்றுவிட்டு, அநாதை என்று நீதிபதியிடம் இரக்கம் கேட்பவனிடம் இருப்பதுதான் ஃகுட்ஸ்பெ என்பது பழைய விளக்கம். 'யென்டெ' ஒரு பெண் பெயர், பிறகு வம்புக்காரி என்ற பொருள் வந்தது. 1964-இல் பிராட்வேயில் ஏறிய ஓர் இசைநாடகத்தில் கல்யாணத் தரகருக்கு அந்தப் பெயர் வைத்ததால், யென்டெ என்றாலே தரகர் என்று உலகம் நம்புகிறது. தரகருக்குச் சொல் 'ஷட்ஃகன்', பெண்ணானால் 'ஷட்ஃகன்டெ'. 'பொபெ மாய்ஸெ' பாட்டிக் கதை, கட்டுக்கதை. உண்மையில் அது பாட்டியே இல்லை: 1541-இல் அச்சான, போவோ என்ற வீரனைப் பற்றிய யிட்டிஷ் காவியத்தின் பெயர் மக்கள் வாயில் பாட்டியானது.

'ஷ்மொக்', 'பொட்ஸ்' இரண்டும் ஆங்கிலப் படங்களில் லேசான கேலியாக வரும். யிட்டிஷில் இரண்டும் ஆண்குறிக்கான கொச்சை. பெரியவர்கள் முன் வாய் திறக்கக் கூடாது. பிற மதத்தாரையும் கறுப்பினத்தாரையும் சுட்டும் சில சொற்களும் பட்டியல்களில் வேடிக்கையாக வரும், அவை வசை. கற்றுக்கொள்ள அவசியமில்லை.

கேட்பதற்கும் படிப்பதற்கும்

ஒரே சொல் இரண்டு விதமாகக் கேட்டால் பதற வேண்டாம். பாடநூல் யிட்டிஷில் 'குட்', 'குகல்', 'ஷெய்ன்' என்றிருப்பது போலந்து, ஹங்கேரி வழி வந்த ஹசிடியர் வாயில் 'கிட்', 'கிகல்', 'ஷைன்'. 2021-இல் மொழி கற்கும் செயலியான டுவோலிங்கோ தொடங்கிய யிட்டிஷ் பாடம் எழுத்தில் பாடநூல் முறை, ஒலியில் ஹசிடிய முறை. அதில் தொடங்குபவர்கள் எழுத்தும் குரலும் ஒட்டவில்லை என்று குழம்புவது இதனால்தான். ஒன்றைத் தேர்ந்து அதிலேயே பேசுங்கள், மற்றதைக் காதுக்கு மட்டும் பழக்குங்கள்.

எழுத்து எபிரேய எழுத்து, வலமிருந்து இடம். ஐந்து எழுத்துகளுக்குச் சொல் கடைசியில் வேறு வடிவம். எபிரேயத்தைப் போலன்றி யிட்டிஷ் உயிரொலிகளை எழுதிக்காட்டும், அது பெரிய நிம்மதி. ஆனால் எபிரேயத்திலிருந்து வந்த சொற்கள் மட்டும் பழைய எழுத்துக்கூட்டிலேயே நிற்கும். 'எமெஸ்' (உண்மை) என்பதில் அலெஃப், மெம், ஸொவ் என்று மூன்றே எழுத்து. அவற்றை ஒலி பார்த்து வாசிக்க முடியாது, முகம் பார்த்து அடையாளம் காண வேண்டும். இந்தப் பாடநூல் எழுத்துமுறையை 1937-இல் வகுத்த ஈவோ ஆய்வு நிறுவனம் 1925-இல் வில்னாவில் (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) தொடங்கியது, 1940 முதல் நியூயார்க்கில் இருக்கிறது, வகுப்புகளும் நடத்துகிறது. மாசசூசெட்ஸின் ஆம்ஹெர்ஸ்டில் உள்ள யிட்டிஷ் புத்தக மையம் ஆயிரக்கணக்கான பழைய நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தருகிறது. 1897-இல் தொடங்கிய ஃபொர்வெர்ட்ஸ் செய்தித்தாள் இப்போது இணையத்தில் வருகிறது.

ஆறு வார அட்டவணை

ஒரு நாளைக்கு ஐந்து அட்டை, பத்து நிமிடம், வாரம் ஆறு நாள். அட்டையின் முன்பக்கம் சந்தர்ப்பத்தை மட்டும் தமிழில் எழுதுங்கள்: 'சம்பந்தி வீட்டுக் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது, நீங்கள் என்ன சொல்வீர்கள்?' பின்பக்கம் யிட்டிஷ் தொடர், அழுத்தம், மறுமொழி. புதிய அட்டையை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் திரும்ப எடுங்கள். முதல் வாரம் படி 1, 2. அடுத்த இரண்டு வாரம் படி 3, 4. நான்காவது வாரம் ஆள் வகைகள். ஐந்தாவது வாரம் 'ஃஜொல்', அதில் நாளுக்கு ஒரு வாழ்த்தும் ஒரு சாபமும் நீங்களே எழுத வேண்டும். ஆறாவது வாரம் 'ஷ்ம'வும் எழுத்துகளும். இடறும் அட்டைகளைத் தனியே வைத்து ஏழாம் நாள் சத்தமாகப் படியுங்கள். எல்லாம் சரியாக நடந்தால் கையில் 180 அட்டை சேர்ந்திருக்கும், கினெஹோரெ.